பூட்டிக் கிடக்கும் இரண்டாவது வீடு: கிளம்பும் முன்பும் பின்பும் செய்ய வேண்டியவை

நான்கு மாதம் பூட்டிக் கிடந்த எங்கள் இரண்டாவது வீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாடைதான். ஈரச் சாக்கை மூட்டை கட்டி மூலையில் போட்டுவைத்தது போன்ற வாடை. கழிப்பறை ஃபிளஷ் தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகும், விரல் தடிமன்கூட இல்லாத கனெக்‌ஷன் பைப் ஒன்று பிளந்திருந்தது. என்று பிளந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. கதவுச் சட்டங்கள் ஊதிப்போய், சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சை ஏறியிருந்தது.

சரி, காப்பீடு இருக்கிறதே என்று விண்ணப்பித்தோம். அங்கிருந்து வந்தது ஒரே கேள்வி: வீட்டில் கடைசியாக யார், எந்தத் தேதியில் தங்கினார்கள்? தொடர்ந்து 60 நாளுக்கு மேல் ஆளில்லாமல் இருந்தால் நீர்க்கசிவுச் சேதத்துக்கு ஈடு கிடையாது என்று பாலிசியின் எட்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. ஒன்பது ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டியிருந்தும் எட்டாம் பக்கத்தை நாங்கள் படித்ததில்லை.

திருடனுக்குப் பயந்து வாசலில் கேமரா மாட்டியிருந்தோம். அது ஒரு நாள்கூடத் தவறாமல் வேலை செய்தது. பூட்டிய கதவை நான்கு மாதமும் துல்லியமாகப் படம் பிடித்து வைத்திருந்தது.

அதன்பிறகு படிப்படியாகக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒரு மாதத்துக்கு மேல் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிற எவருக்கும் இது பொருந்தும். இரண்டு வாரப் பயணத்துக்கு இதில் பாதி போதும்.

1. காப்பீட்டு பாலிசியைப் படியுங்கள் (கிளம்ப 6 வாரம் இருக்கும்போது)

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற படிகளில் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பாதி இந்தக் காகிதம்தான் முடிவு செய்யும். பாலிசியில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, நாள் வரம்பு. பல பாலிசிகளில் 30 அல்லது 60 நாள் என்று இருக்கும். அதைத் தாண்டினால் நீர்க்கசிவு, திருட்டு, வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு குறையும், அல்லது அடியோடு நின்றுபோகும்.

இரண்டு, எதை "ஆளில்லாத வீடு" என்கிறார்கள் என்பது. பொருள்கள் எல்லாம் இருந்து ஆள் மட்டும் இல்லாத வீடு வேறு, ஒன்றுமே இல்லாமல் வெறுமையாகக் கிடக்கும் வீடு வேறு. இரண்டுக்கும் வெவ்வேறு விதி இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் ஒருமுறை வந்து பார்த்தால் நாள்கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாலிசியில் அப்படி இல்லை. யாராவது இரவு தங்கினால்தான் கணக்கு.

மூன்று, நீங்கள் செய்தே ஆக வேண்டியவை. மெயின் வால்வை மூட வேண்டும், இத்தனை நாளுக்கு ஒருமுறை ஆள் வந்து பார்த்ததற்குப் பதிவு வேண்டும், குளிர்ப் பிரதேசமானால் வெப்பநிலையை இந்த அளவுக்குக் கீழே விடக்கூடாது என்றெல்லாம் இருக்கும். பிரீமியம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இவற்றில் ஒன்று தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம்.

படித்த பிறகு, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை வீடு பூட்டியிருக்கும் என்று எழுதி, என்ன பாதுகாப்பு உண்டு, என்ன இல்லை என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வர வேண்டும். தொலைபேசியில் "அதெல்லாம் கவர் ஆகும் சார்" என்று சொன்னவரைப் பிறகு எங்கே போய்த் தேடுவீர்கள்? ஆளில்லாத காலத்துக்கு என்று பாலிசியோடு தனியாகக் கூடுதல் பாதுகாப்பு வாங்க முடிந்தால் விலை கேளுங்கள். பதில் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதனால்தான் 6 வாரம் என்றேன்.

இடையில் வீட்டைச் சில நாள் வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகைக்காரர் செய்யும் சேதத்தைப் பெரும்பாலும் ஏற்காது.

2. ஒரே கோப்பில் எல்லாக் காகிதமும்

ஒரு கோப்பு வீட்டில், அதன் நகல் உங்களிடம், தேவையான பக்கங்கள் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம். அதில் இருக்க வேண்டியவை:

- காப்பீட்டு பாலிசியும் மேலே சொன்ன மின்னஞ்சல் பதிலும்
- மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இணைய இணைப்பு ஆகியவற்றின் கணக்கு எண்கள், கடைசி ரசீதுகள்
- சொத்துவரி ரசீது, குடியிருப்புச் சங்கம் இருந்தால் அதன் சந்தா விவரம்
- பிளம்பர், எலக்ட்ரீஷியன், பூட்டுக்காரர் தொலைபேசி எண்கள், ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர்
- மெயின் வால்வு, மின்பலகை, எரிவாயு வால்வு எங்கே இருக்கின்றன என்று கையால் வரைந்த படம்
- பார்த்துக்கொள்பவருக்கு நீங்கள் கையெழுத்திட்டுத் தந்த அனுமதிக் கடிதம்

சொத்து ஆவணங்களின் மூலப் பிரதியைப் பூட்டிய வீட்டில் வைக்காதீர்கள்.

அனுமதிக் கடிதம் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் இரவில் தண்ணீர் வழிந்து, பக்கத்து வீட்டார் ஆளைக் கூட்டிவந்து பூட்டைத் திறக்கப் போகும்போது "நீங்கள் யார்?" என்று ஒருவர் கேட்பார். பெயர், எந்தத் தேதிவரை, என்னென்ன செய்யலாம் (உள்ளே நுழையலாம், பழுதுக்கு ஆள் அழைக்கலாம், இந்தத் தொகைவரை செலவு செய்யலாம்) என்று அரைப் பக்கம் போதும். இதற்காகப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுக்காதீர்கள். வீட்டை விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை தருகிற பத்திரத்தை, ஜன்னல் திறந்து மூடுவதற்காக யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை. அரசு அலுவலக வேலை ஏதாவது இருந்தால், அந்த ஒரு வேலைக்கு மட்டும் தனிப் பத்திரம் எழுதிக் கொள்ளலாம்.

"சும்மா தங்கட்டுமே, வீடும் பாதுகாப்பாக இருக்கும்" என்று தெரிந்தவர் ஒருவரை வாடகை இல்லாமல் குடிவைக்கிறவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும்: இது வாடகை ஒப்பந்தம் அல்ல, தங்கும் அனுமதி மட்டும், தொடங்கும் தேதி, முடியும் தேதி, மின்கட்டணம் யார் பொறுப்பு. வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வாய்வார்த்தையில் தொடங்கிப் பல ஆண்டு நீடித்த தங்கல்கள் நீதிமன்றத்தில் போய் நின்றிருக்கின்றன.

கட்டணங்களைத் தானாகக் கழியும்படி செய்துவிட்டேன், கவலை இல்லை என்று நீங்கள் நினைத்தால், அதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. நடுவில் வங்கி அட்டை காலாவதியாகும். அல்லது கணக்கில் பதிந்திருக்கும் தொலைபேசி எண் பழையதாக இருக்கும், ஓ.டி.பி. அங்கே போய்க்கொண்டிருக்கும். கிளம்பும் முன் ஒவ்வொரு கணக்கிலும் உள்ளே போய் எண், மின்னஞ்சல், அட்டையின் கடைசி மாதம் மூன்றையும் பாருங்கள். ஒரு மாலை நேர வேலை.

ஆளில்லாத வீட்டுக்கும் இரண்டாவது வீட்டுக்கும் கூடுதல் வரி போடும் ஊர்கள் இருக்கின்றன. சில இடங்களில் ஆண்டுதோறும் நீங்களே அறிவிப்புப் படிவம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வீடு காலி என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கடைசித் தேதியைக் கேட்டு நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

3. பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

கருவிகள் எத்தனை வாங்கினாலும் மூக்கும் கண்ணும் உள்ள ஓர் ஆள் மாதத்துக்கு இரண்டு முறையாவது வீட்டுக்குள் போய்வருவதற்கு ஈடாகாது. கசிவு உணரி தன் காலடியில் தண்ணீர் பட்டால் கத்தும், மூன்றடி தள்ளி வழிந்தால் அதற்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் "என்னமோ வாடை வருதே" என்று சொல்ல மனிதரால்தான் முடியும்.

எங்களுக்கும் அப்போது ஆள் இருந்தார். நல்லவர், நெருங்கிய சொந்தம். எப்போது கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கு" என்பார். பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்டுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே போய் என்ன பார்க்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவே இல்லையே.

ஆகவே, சம்பளம் பேசுங்கள். சொந்தக்காரராக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் சரி. முதல் மாதம் அன்பில் நடக்கும், மூன்றாம் மாதம் மறந்துபோகும். வருகைக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் கேட்கிற உங்களுக்கும் கூச்சமில்லை, செய்கிறவருக்கும் கடமை வந்துவிடும். பணம் வாங்க மாட்டேன் என்கிறவரிடம் அவருக்குப் பொருந்தும் வேறு வகையில் ஈடு செய்யுங்கள், ஆனால் ஏதாவது செய்யுங்கள்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை? பாலிசி ஒரு எண் சொன்னால் அதுதான். சொல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. பெருமழை, புயல், கடுங்குளிர், நீண்ட மின்தடை ஆகியவற்றுக்குப் பிறகு கூடுதலாக ஒருமுறை.

வருகைக்கான பட்டியலை அச்சடித்துக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டோம். அரை மணி நேர வேலை:

- உள்ளே நுழைந்து அரை நிமிடம் நின்று வாடை, சத்தம் கவனிக்க
- தண்ணீர் மீட்டரின் எண்ணைப் படம் எடுக்க
- ஒவ்வொரு தொட்டியிலும் வடிகாலிலும் ஒரு குவளை நீர் ஊற்ற
- சமையலறை, குளியலறைத் தொட்டிகளுக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பார்க்க
- கூரை, ஜன்னலோரம், சுவர் மூலைகளில் ஈரக்கறை தெரிகிறதா என்று பார்க்க
- எலிப் புழுக்கை, கரையான் மண்கோடு உண்டா என்று பார்க்க
- தபால்களை உள்ளே எடுத்து வைக்க
- வீட்டைச் சுற்றி ஒரு நடை
- நோட்டில் தேதி, நேரம், கையெழுத்து

அந்த நோட்டையும் மீட்டர் படங்களையும் அலட்சியமாக எண்ணாதீர்கள். வீடு கவனிக்கப்பட்டது என்று பின்னால் காட்ட உங்களிடம் இருக்கப்போவது அவைதான். படங்களை அன்றே அனுப்பச் சொல்லுங்கள். செய்திப் பரிமாற்றத்தில் தேதி தானாகப் பதிவாகிவிடும்.

அவசரத்துக்கு உங்களைக் கேட்காமலே அவர் எவ்வளவு செலவு செய்யலாம் என்று தொகை சொல்லிவிடுங்கள், அந்தத் தொகையை முன்பணமாகவும் கொடுத்துவிடுங்கள். நேர வித்தியாசத்தில் நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது பிளம்பர் கூலிக்கு அனுமதி கேட்டுக் காத்திருக்கக் கூடாது. அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இரண்டாவது ஆள் ஒருவரும் வேண்டும். சாவி இந்த இரண்டு பேரிடம் மட்டும். பூந்தொட்டிக்கு அடியில் சாவி வைக்கும் பழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள்.

4. தண்ணீர்: இதில் மட்டும் அவசரம் கூடாது

மெயின் வால்வை மூட வேண்டும். எல்லாரும் சொல்வதுதான். ஆனால் பல ஆண்டு தொடாத கேட் வால்வு (பல சுற்றுத் திருகி மூடும் வகை) கிளம்பும் நாளில் திரும்பாது, திருகினால் கைப்பிடி உடையும், அல்லது முழுக்க மூடியதுபோல் காட்டிவிட்டு உள்ளே கசியும். அதனால் ஒரு மாதத்துக்கு முன்பே திருகிப் பாருங்கள். மூடிய பிறகு குழாய்களைத் திறந்தால் நீர் கொஞ்ச நேரத்தில் அறவே நிற்க வேண்டும். நூல்போல வந்துகொண்டே இருந்தால் வால்வை மாற்ற வேண்டும். மாற்றுவதானால் கால் சுற்றில் மூடும் பால் வால்வு போடுங்கள். பார்த்துக்கொள்பவர் வயதானவராக இருந்தாலும் ஒரு கையால் மூடிவிடலாம்.

அடுத்து மீட்டர் சோதனை. வால்வு திறந்திருக்கட்டும், எல்லாக் குழாய்களையும் மூடி, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடாமல் இருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு. பெரும்பாலும் ஃபிளஷ் தொட்டியின் உள்வால்வுதான். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தெரியும், ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் பல ஆயிரம் லிட்டர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் வரும் வீடானால் மீட்டருக்குப் பதில் தொட்டியில் நீர்மட்டத்தைக் கோடு போட்டுப் பார்க்கலாம். அங்கே மூட வேண்டிய வால்வும் தொட்டியின் அடியில் தனியாக இருக்கும். தெருக்குழாய் வால்வை மட்டும் மூடிவிட்டுப் போனால், தொட்டி நிறையத் தண்ணீர் உங்கள் தலைக்கு மேல் காத்திருக்கும்.

கனெக்‌ஷன் பைப்புகளைப் பற்றி நான் பேசாவிட்டால் யார் பேசுவது? ஃபிளஷ் தொட்டி, கைகழுவும் தொட்டி, வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும். மேலே எஃகுப் பின்னல் பளபளப்பாக இருந்தாலும் உள்ளே ரப்பரோ பிளாஸ்டிக்கோதான். நட்டின் ஓரத்தில் துரு, பின்னலில் அறுந்த இழை, எங்காவது புடைப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள். வயது தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். ஒரு பைப்பின் விலை பிளம்பரின் ஒரு நாள் கூலியைவிடக் குறைவு.

மெயின் வால்வை மூடிய பிறகு, வீட்டிலேயே தாழ்வான குழாயைத் திறந்து குழாய்களில் நிற்கும் நீரை வடித்துவிடுங்கள். ஃபிளஷ் தொட்டியைக் காலி செய்யுங்கள். வாட்டர் ஹீட்டரின் மின்சாரத்தையோ எரிவாயுவையோ நிறுத்துங்கள். நீர் இல்லாத ஹீட்டர் ஓடினால் உள்ளே எரிந்துபோகும்.

மூடக்கூடாத தண்ணீரும் உண்டு. தானியங்கித் தீயணைப்புத் தெளிப்பான் இருக்கும் கட்டடத்தில் அதற்கான இணைப்பைத் தொடாதீர்கள். வெந்நீர் சுற்றி வீட்டைச் சூடாக்கும் அமைப்பு இருந்தால், அதைப் பராமரிப்பவரிடம் கேட்காமல் நீரை வடிக்காதீர்கள்.

இனி வடிகால்கள். தொட்டிகளுக்கு அடியில் வளைந்த குழாயிலும், தரை வடிகாலிலும் சில விரற்கடை நீர் எப்போதும் நிற்கும். சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுத்து வைத்திருப்பது அந்த நீர்தான். ஆளில்லாத வீட்டில் சில வாரங்களில் அது வற்றிவிடும். கிளம்பும்போது ஒவ்வொன்றிலும் நீர் ஊற்றி, அதன்மேல் சில கரண்டி எண்ணெய் விட்டால் ஆவியாவது மெதுவாகும். யாருமே பயன்படுத்தாத விருந்தினர் குளியலறையை மறந்துவிடுவோம், வாடை அங்கிருந்துதான் கிளம்பும்.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே போகும் இடமா? தண்ணீர் பனிக்கட்டியானால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகும், செம்புக் குழாயையும் பிளக்கும். வெடித்தது குளிரில் தெரியாது, பனி உருகும்போதுதான் கொட்டும். இரண்டு வழிதான்: குழாய்களை முழுவதும் வடித்துவிடுவது, அல்லது பாலிசி சொல்லும் அளவில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது. வடித்துவிட்டால் வடிகால் வளைவுகளில் உறையாத திரவம் ஊற்ற வேண்டும், வீட்டுக் குழாய்களுக்கென்றே விற்கும் நச்சில்லாத வகையாகக் கேட்டு வாங்குங்கள். காருக்கு ஊற்றுவது நஞ்சு.

5. மின்சாரமும் எரிவாயுவும்

மெயினையே அணைத்துவிட்டுப் போகலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். கசிவு உணரி, கேமரா, இணைய ரவுட்டர், ஈரம் உறிஞ்சும் இயந்திரம், நிலவறை பம்ப், சூடேற்றும் அமைப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் முடியாது. மின்பலகையில் எந்த பிரேக்கர் எதற்கு என்று பெயர் ஒட்டி, தேவையானதை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இறக்குங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் பிரேக்கரில் சோதனைப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும், விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

இறக்க முடியாத பிரேக்கரில் இருக்கும் மற்ற சாதனங்களின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தூங்கும் நிலையில் ஒரு வாட் இழுக்கும் சாதனம் ஆண்டு முழுக்க இருந்தால் 8.76 யூனிட். தனியாகப் பார்த்தால் பெரிதில்லை, பத்துச் சாதனம் சேர்ந்தால் ரசீதில் தெரியும். மின்னலில் கருகாமலும் தப்பும்.

ஃபிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் துணியால் முட்டுக்கொடுத்துத் திறந்து வையுங்கள். மூடி வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். வாஷிங் மெஷின் கதவும் அப்படியே. ஃபிரீசரை ஓடவிட்டுத்தான் போக வேண்டும் என்றால் ஒரு குவளைத் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் நாணயம் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நடுவில் மின்சாரம் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிடலாம்.

இன்வர்ட்டர் பேட்டரி பல மாதம் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் செத்துப்போகும். ஆள் வரும்போது சில மணி நேரம் சார்ஜ் போடச் சொல்லுங்கள். எரிவாயுவைச் சிலிண்டரிலோ மெயின் வால்விலோ மூடிவிடுங்கள், அடுப்புத் திருகு மட்டும் போதாது.

6. ஈரம், பூஞ்சை, பூச்சி

காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். தண்ணீரில் நனைந்த துணியிலும் மரத்திலும் ஓரிரு நாளிலேயே முளைத்துவிடும். ஈரப்பதமானி ஒன்று வாங்கி நடுஅறையில் வைத்து, ஆள் வரும்போதெல்லாம் அதையும் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

அலமாரிக் கதவுகளைத் திறந்து போடுங்கள். கட்டில், சோபா, பீரோவை வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பிளாஸ்டிக் விரிப்பால் மூடாதீர்கள், பழைய பருத்திப் போர்வை போதும். தோல் செருப்பு, பை, புத்தகம் இவை முதலில் போகும். முடிந்தால் வசிக்கும் வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிடுங்கள். ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைப்பதானால் அதில் சேரும் தண்ணீர் குழாய் வழியாக நேரே கைகழுவும் தொட்டிக்குப் போகும் வகையாக இருக்கட்டும். வாளி வகை ஓரிரு நாளில் நிறைந்து நின்றுபோகும், அப்புறம் அது வெறும் பெட்டி.

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். குழாய் சுவருக்குள் போகும் இடங்களை எஃகு நார் திணித்து மேலே பூசி அடையுங்கள். வெறும் நுரையால் அடைத்தால் கடித்துவிடும். தானியம், மாவு, சோப்பு, மெழுகுவர்த்தி எதையும் திறந்தபடி வைக்காதீர்கள். பாச்சை உருண்டையைத் துணிப்பெட்டிக்குள் போட்டு மூடி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீடெல்லாம் இறைத்தால் நீங்கள்தான் மூச்சுவிட முடியாமல் திண்டாடுவீர்கள்.

வெளியே பூந்தொட்டித் தட்டு, கவிழ்க்காத வாளி, மூடாத தண்ணீர்த் தொட்டி: வெப்பமான நாளில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான். மழைநீர்க் கால்வாயில் இலை அடைத்திருந்தால் கிளம்பும் முன் வாரிவிடுங்கள். அடைத்த நீர் சுவருக்குள்தான் இறங்கும்.

7. ஆள் இல்லை என்பதை விளம்பரப்படுத்தாதீர்கள்

தபாலை நிறுத்துங்கள் அல்லது திருப்பிவிடுங்கள். எல்லாத் திரைகளையும் இழுத்து மூடாமல் வழக்கம்போல விடுங்கள். ஓரிரண்டு விளக்கை நேரக்கருவியில் (டைமர்) போடுங்கள், தினமும் சரியாக 7 மணிக்கு எரிந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும், கொஞ்சம் மாற்றி மாற்றி எரியும் வகை நல்லது. பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு போடலாம். நகை, பணம் அங்கே வேண்டாம். இதற்கு மேல் இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

8. செலவுக் கணக்கு

பூட்டிய வீட்டுக்கும் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கும். வரி, காப்பீடு, சங்கச் சந்தா, பயன்படுத்தாவிட்டாலும் வரும் குறைந்தபட்ச மின்–நீர்க் கட்டணம், இணைய இணைப்பு, பார்த்துக்கொள்பவர் சம்பளம், தோட்டம். இவற்றை ஆண்டுக்குக் கூட்டி 12-ஆல் வகுத்துத் தனி வங்கிக் கணக்கில் மாதந்தோறும் போட்டுவிடுங்கள். தானியங்கிக் கட்டணங்கள் எல்லாம் அந்தக் கணக்கிலிருந்தே போகட்டும், எது நின்றது எது கூடியது என்று ஒரே பார்வையில் தெரியும்.

பழுதுக்குத் தனியாக ஒதுக்க வேண்டும். வீட்டின் மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் என்று பரவலாகச் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு உண்டு. பழைய வீட்டுக்கு அது பற்றாது என்பது என் அனுபவம்.

இணைப்பைத் தற்காலிகமாகத் துண்டித்தால் மிச்சம்தானே என்று தோன்றும். மறுஇணைப்புக் கட்டணம், அதற்கு ஆகும் நாள், அதுவரை கருவிகள் வேலை செய்யாமை எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் துண்டிக்காமல் விடுவதே லாபமாக முடிகிறது.

9. கிளம்பும் நாள்

வரிசை முக்கியம், கடைசி நேரத்தில் எதையாவது விடுவோம். குளித்து, பாத்திரம் கழுவி, துணி உலர்ந்து முடிந்த பிறகே தண்ணீர்.

- முந்தின நாள்: ஃபிரிட்ஜ் காலி, குப்பை வெளியே, துணிகள் முழுவதும் உலர்ந்தனவா என்று பார்த்தல்
- காலை: எரிவாயு மூடல், ஹீட்டர் நிறுத்தல்
- மெயின் வால்வு மூடல், தாழ்வான குழாயில் வடித்தல், ஃபிளஷ் காலி, பிறகு குழாய்களை மூடல்
- எடுத்து வைத்த நீரை வடிகால்களில் ஊற்றி எண்ணெய் விடல்
- பிளக்குகள், பிரேக்கர்கள்
- அறை அறையாக வீடியோ: சுவர், கூரை, தரை, தொட்டிகளுக்கு அடிப்பகுதி, அலமாரிக்குள், மின், நீர் மீட்டர்கள்
- ஜன்னல், மாடிக் கதவு, பூட்டு

குழாய்களைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போகும் தவறை நான் ஒருமுறை செய்தேன். அடுத்த வாரம் வந்தவர் சோதனைக்காக மெயின் வால்வைத் திறந்தார், மூன்று குழாயும் சேர்ந்து கொட்டியது. நல்லவேளை, அவர் வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

10. திரும்பி வரும் நாள்

கதவைத் திறந்ததும் எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கதவைத் திறந்துபோட்டு வெளியே வந்து, அங்கிருந்து அவசர எண்ணை அழையுங்கள்.

வாடை இல்லை என்றால் ஜன்னல்களைத் திறந்து அரை மணி நேரம் காற்றோட விடுங்கள். எதையும் துடைக்கும் முன், நகர்த்தும் முன் சுற்றிப் படம் எடுங்கள். சேதம் இருந்தால் காப்பீட்டுக்கு அந்தப் படம்தான் வேண்டும். நாங்கள் பதற்றத்தில் முதலில் தரையைத் துடைத்தோம்.

மெயின் வால்வை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திறவுங்கள். படாரென்று திறந்தால் காற்றும் அழுத்தமும் சேர்ந்து பழைய இணைப்புகளை உதறும். திறந்த பிறகு ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் போய்ப் பாருங்கள்.

தேங்கிய நீரைக் குடிக்காதீர்கள், உடனே அதில் குளிக்கவும் வேண்டாம். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ்வரை வெதுவெதுப்பாகத் தேங்கிய நீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும். அது கலந்த நுண்துளிகளை மூச்சோடு இழுத்தால் நுரையீரலைத் தாக்கும். ஷவர் தலையைக் கழற்றிவிட்டோ துணியால் சுற்றியோ தண்ணீரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள், அந்த நேரம் குளியலறைக்கு வெளியே நில்லுங்கள். தொட்டி வகை ஹீட்டரில் நீர் நிறைந்ததை உறுதி செய்துகொண்டு 60 டிகிரிக்குச் சூடாக்கி, பிறகு வெந்நீர்க் குழாய்களையும் அப்படி ஓடவிடுங்கள், கையில் பட்டால் கொப்புளிக்கும் சூடு அது. நீரை வடிக்காமல் விட்டுப்போன ஹீட்டரானால் உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கலாம். வெந்நீர்க் குழாயை முதன்முதலில் திறக்கும்போது பக்கத்தில் நெருப்பு எதுவும் வேண்டாம்.

மீட்டர் எண்களைக் குறித்து, கிளம்பிய நாள் வீடியோவோடு ஒப்பிடுங்கள். பிறகு இரண்டு மணி நேர மீட்டர் சோதனையை மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

களைப்பில் அழுக்குத் துணியை வாஷிங் மெஷினில் போட்டுவிட்டு முதல் நாள் இரவே தூங்கப் போய்விடாதீர்கள். பல மாதம் காய்ந்து கிடந்த ரப்பர் வளையம் வழிவிடுவதானால் அந்த முதல் சுற்றில்தான் வழிவிடும். மறுநாள் காலையில், பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஓடவிடுங்கள்.